கணித மேதை இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

எமது பழைய மாணவிகள் சங்கம் 100 ஆண்டுகளை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், 100 என்ற எண்ணைப் பற்றியே முதலில் ஒரு வார்த்தை. கொண்டாட்டத்துக்கு அது நிறைவான எண். பங்கிடுவதற்கு அவ்வளவு வசதியானதன்று. 100ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என ஒன்பது மட்டுமே. அதைவிடச் சிறிய 60க்கு 12 காரணிகள் உண்டு. விளையாட்டுப் போட்டிக்கு உடற்பயிற்சிக் காட்சி பழக்கிய ஆசிரியைகளுக்கு இது நன்கு தெரியும். 60 மாணவிகள் இருந்தால் மூன்று மூன்றாக, நான்கு நான்காக, ஐந்து ஐந்தாக, ஆறு ஆறாக எப்படியும் நிறுத்தலாம். 100 பேரை மூன்று சம வரிசைகளாக நிறுத்தப் போனால் ஒரு பிள்ளை வெளியே நிற்பாள்.

மருத்துவத் தொழிலில் இருக்கும் எமக்கும் இது அன்றாட விடயம். மருந்தை 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று எழுதுகிறோம். நாள் முழுவதும் இடைவெளி பிசகாமல் பங்கிட முடிவது, ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம் என்று முன்னோர் வகுத்ததால்தான். 24க்கு 8 காரணிகள் உண்டு. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

இப்படி, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களை முறையாக ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டவர் ஸ்ரீநிவாச இராமானுஜன். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கும் 1729 என்ற எண் நினைவுக்கு வரும். நோயுற்றிருந்த அவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை மோட்டார் வண்டியின் இலக்கத்தைச் சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே எடுத்துக்காட்டிய கதை எல்லோரும் அறிந்தது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது 13 இலக்கங்கள் கொண்ட 6746328388800 என்ற எண்ணை. அதை எழுதிய கை எந்த வழியாக அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணின் பெறுமதி விளங்கும்.

பரீட்சையில் தவறிய பிள்ளை

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஸ்ரீநிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதும் லிகிதர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். வீட்டில் மாணவர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்துச் செலவைச் சமாளித்த குடும்பம் அது. ஈரோடு, கும்பகோணம் என்ற ஊர்ப் பெயர்கள் எமக்குப் புதியவையல்ல. ஊவாவின் தேயிலைக்கும் மொனராகலையின் இறப்பருக்கும் வந்து சேர்ந்த எமது முன்னோர் பலர் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் பக்கங்களிலிருந்து புறப்பட்டவர்கள்தாம்.

1897இல் ஆரம்பப் பாடசாலைப் பரீட்சையில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார் இராமானுஜன். 1904இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பாடசாலையில் கணிதத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அவர் கைக்கு வந்திருந்தது. சுமார் 5000 தேற்றங்கள், நிறுவல்கள் அநேகமாக இல்லை. பரீட்சைக்குப் படிப்போருக்காக எழுதப்பட்ட அந்த நூலின் ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அதன் பின் வேறு பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை.

புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் அந்தப் புலமைப்பரிசில் பறிபோனது. வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அங்கே உடற்றொழிலியல் பாடத்தில் மிகக் குறைந்த புள்ளிகளே கிடைத்தன. எமக்குச் சோறு போடும் பாடம் அவருக்கு அப்படியொரு இடறுகல்லாக இருந்தது. 1907இலும் சித்தியடையவில்லை. பட்டமில்லை, தொழிலில்லை. 1909இல் பத்து வயதுச் சிறுமி ஜானகியுடன் திருமணம். அடுத்த ஆண்டு அவருக்குச் சத்திர சிகிச்சையொன்று தேவைப்பட்டபோது குடும்பத்திடம் பணமில்லை. வைத்தியர் ஒருவர் கட்டணம் வாங்காமல் செய்துவைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் கணக்குச் செய்வதை நிறுத்தவில்லை. காகிதம் விலை கூடியது என்பதால் சிலேட்டில் எழுதினார், முழங்கையால் அழித்தார், முடிவை மட்டும் குறிப்புப் புத்தகத்தில் பதிந்தார். பின்னாளில் உலகக் கணித அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக அவருடைய முடிவுகளுக்கு நிறுவல் தேட நேர்ந்தமைக்கு, அந்தச் சிலேட்டும் ஒரு காரணம்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள்

இராமானுஜனின் வாழ்க்கையைப் படிக்கும்போது, அவர் திறமையைப் போலவே இன்னொன்றும் எம் கண்ணில் படுகிறது. அவரது பெறுபேற்றுத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடக்கிய வி. இராமசாமி ஐயர் அவர்களுள் ஒருவர். தம்மிடம் வேலை கேட்டு வந்தவரின் புத்தகத்தைப் புரட்டியதும், வருவாய்த் திணைக்களத்தின் கீழ்ப்படியில் இவரை முடக்கக்கூடாது என்று தீர்மானித்து, சென்னையிலிருந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். நெல்லூர் மாவட்டக் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் லிகிதர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். வேலை முடிந்த பின் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்காருவார்களாம்.

இங்கிலாந்திலிருந்த இரு பெரும் பேராசிரியர்களுக்கு அனுப்பிய கடிதங்களால் உதவி எதுவும் கிட்டவில்லை. 1913 ஜனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலிருந்த ஜி. எச். ஹார்டிக்கு மூன்றாவது கடிதம். முன்பின் தெரியாத ஒரு துறைமுக லிகிதர், நிறுவல் எதுவும் இல்லாமல், நூறுக்கு மேற்பட்ட தேற்றங்களை எழுதி அனுப்பியிருந்தார். ஹார்டி அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். நண்பர் லிட்டில்வூட்டுடன் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். அதன் விளைவாகச் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணம் கொடுத்தது.

கடல் தாண்டுவது ஆசாரத்துக்கு விரோதமென்று முதலில் தடை இருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பெரும் பக்தி கொண்டிருந்த தாய் பின்னர் மனமிசைந்தார். 1914 மார்ச் 17ஆம் திகதி நெவாசா என்ற கப்பலில் இராமானுஜன் சென்னையிலிருந்து புறப்பட்டார். அதற்குச் சரியாக மூன்று வாரங்களுக்கு முன், பெப்ரவரி 24ஆம் திகதிதான் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி – தலைமன்னார்ப் படகுச் சேவையுடன் இந்தியாவும் இலங்கையும் இணைக்கப்பட்டிருந்தன. ஒரே பருவத்தில் ஒரே மாவட்டங்களிலிருந்து ஒருவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். பல்லாயிரம் பேர் இந்த மலைகளை நோக்கி வந்தார்கள். வந்தவர்களின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பார்க்க எவருமிருக்கவில்லை. அவர்களில் அநேகருக்கு அப்படியொரு புத்தகமே கிடைக்கவில்லை.

அந்த எண்ணின் உள்ளே

ஏப்ரலில் இலண்டனில் இறங்கினார். ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. அந்தச் சூழலில்தான் மேலே சொன்ன கட்டுரை உருவாகி, 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. இந்த எண்களுக்கு அவர் இட்ட பெயரை நாம் உயர் சேர்த்தி எண்கள் என்று தமிழில் சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவை போகின்றன. ஒரு மணித்தியாலத்தின் நிமிடங்கள், வட்டத்தின் பாகைகள், அக்கால இங்கிலாந்தில் ஒரு பவுணுக்கிருந்த 240 பென்ஸ் எல்லாமே இந்த வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். சந்தையில் பங்கிட்டுப் பழகிய மக்கள், தேற்றம் தெரியாமலே சரியான எண்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

காரணிகளை எண்ணுவதற்கு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. கீழ் வகுப்பில் படித்த முதன்மைக் காரணிகள் போதும். 12 என்பது 2 × 2 × 3. இதற்கு ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், ஒரு தடவை எடுக்கலாம், இரு தடவை எடுக்கலாம். ஆக மூன்று வழி. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. மூன்றும் இரண்டும் பெருக்க ஆறு. 12க்கு ஆறு காரணிகள்.

இனி அந்தப் பெரிய எண். சொல்லில் எழுதினால் 674632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. பார்க்கும்போது பயம் வரும். பிரித்தால் பயம் போய்விடும். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பின்பு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. இவற்றைப் பெருக்கினால் 6746328388800 வந்துவிடும். காரணிகளின் எண்ணிக்கைக்கு 7, 5, 3, 3 ஆகியவற்றைப் பெருக்கி, அதனை மேலும் ஐந்து தடவை இரட்டிக்க வேண்டும். விடை 10080. இந்த எண்ணுக்குக் கீழேயுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

ஏன் முதன்மை எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளியின்றி வருகின்றன? ஏன் சிறியவை கூடிய தடவையும் பெரியவை குறைந்த தடவையும் வருகின்றன? 20ஐ எடுப்போம். அது 2 × 2 × 5. அதற்கும் ஆறு காரணிகள்தாம். 5க்குப் பதிலாக 3ஐ வைத்தால் அதே ஆறு காரணிகள் 12லேயே கிடைத்துவிடும். ஆகவே 20க்கு வரிசையில் இடமில்லை. 18 என்பது 2 × 3 × 3. அதற்கும் ஆறுதான். 2ஐ இரு தடவையும் 3ஐ ஒரு தடவையும் எடுத்தால் மீண்டும் 12. சிறியவற்றைத் தாண்டிப் பெரியவற்றுக்குப் போனவை தோற்றுவிடுகின்றன. உயர் சேர்த்தி எண் ஒன்றில் கடைசி முதன்மை எண் ஒரு தடவை மட்டுமே வரும், 4உம் 36உம் மாத்திரமே விதிவிலக்கு என்பதையும், வரிசையில் மேலே போகப் போக அடுத்தடுத்த இரண்டு எண்களின் விகிதம் 1ஐ நெருங்கும் என்பதையும் இராமானுஜன் நிறுவினார்.

கட்டுரையில் நூற்றளவு உயர் சேர்த்தி எண்களின் அட்டவணையொன்று உண்டு. அதன் கடைசி எண்தான் 6746328388800. கணிப்பொறி இல்லாத காலத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டு, கையால் செய்த வேலை. அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அது 293318625600. 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, பின்பு 11, 13, 17, 19. காரணிகள் 5040. இதற்கு முந்திய உயர் சேர்த்தி எண் 195545750400. அதற்கு 4608 காரணிகள். பிந்தியது 321253732800; அதற்கு 5376. இரண்டுக்கும் நடுவில் இந்த எண்ணுக்கு நியாயமான இடம் இருந்தது.

விடுபட்ட எண்ணையும் கடைசி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 23 ஒன்றுதான் வித்தியாசம். 293318625600ஐ 23ஆல் பெருக்கினால் 6746328388800. அட்டவணையில் காணாமற்போனது, அட்டவணையை முடித்துவைக்கும் எண்ணுக்குள் முழுதாக இருக்கிறது. கட்டுரையின் தேற்றங்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. எமது தரம் 7 மாணவி ஒருத்தி பென்சிலும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், அரை மணித்தியாலத்தில் இந்தப் பெருக்கலைச் செய்து முடிப்பாள். உலகம் போற்றும் மேதையின் பக்கத்தை மொனராகலைத் தோட்டத்துப் பிள்ளை சரிபார்க்கலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கணிதத்தில் எமக்கு மிகவும் பிடித்த விடயம் அதுதான்.

யுத்தகாலத்தில் இலண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத்தட்டுப்பாடு. கட்டுரை முழுவதையும் அச்சிட முடியாமல் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. அப்பகுதி 1997இலேயே கணித இதழொன்றில் வெளியானது. அச்சான பகுதியே 1916 மார்ச்சில் அவருக்குக் கேம்பிரிட்ஜின் ஆராய்ச்சிப் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தது. இரண்டு கல்லூரிகளில் தவறியவருக்கு, உடற்றொழிலியல் எழுதாமலே பட்டம் கிடைத்தது.

பெரிய எண்களுடனான அவரது உறவு அத்துடன் நிற்கவில்லை. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் கூட்டாக எழுதலாம். 200ஐ இவ்வாறு எத்தனை வழிகளில் எழுதலாம்? இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து கண்ட சூத்திரத்தில் எட்டு உறுப்புகளை மட்டும் எடுத்துக் கணித்தபோது வந்த விடைக்கும் உண்மை விடைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.004. உண்மை விடை 3972999029388. அதைக் கையால் கணித்துச் சரிபார்த்தவர் மேஜர் மக்மஹோன் என்ற ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி.

நோயும் மருத்துவமும்

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை அவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை. குளிர்நாட்டுக் கட்டிலில் போர்வைகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போர்வைகளின் மேலேயே படுத்திருந்தார். அதைக் காட்டிக்கொடுத்தவர் அங்கே படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் என்ற வங்காள மாணவர். மரக்கறி உணவைத் தவிர வேறெதையும் தொடாதவர். தாமே சமைப்பார், கணக்கில் ஆழ்ந்துவிட்டால் அதுவும் இல்லை. யுத்தத்தினால் உணவுப்பொருட்கள் தட்டுப்பாடாயின. ஊரிலிருந்து கடிதங்கள் ஒழுங்காக வரவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் வீட்டாரின் மனத்தாங்கலால் அவர் கைக்கு எட்டாமலே போயின.

1917இல் நோய்வாய்ப்பட்டார். ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டார். இரைப்பைப் புண் என்றார்கள், காசநோய் என்றார்கள். காசநோய் என்றே பல மாதங்கள் சனட்டோரியங்களில் வைத்திருந்தார்கள். அக்காலச் சிகிச்சை என்றால் திறந்த ஜன்னல்களும் குளிர்காற்றும். படுக்கையிலிருந்தபோதே, 1918இல், ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெலோவாகத் தெரிவான முதலாவது இந்தியரும் அவரே.

1994இல் டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, நோய் காசநோயாக இருந்திருக்காது, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். இராமானுஜன் 1906இல் சென்னையில் வயிற்றுளைவால் வருந்திக் கல்லூரியை விட்டுச் சில காலம் விலகியிருந்தவர். அந்தக் கிருமி ஈரலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து பின்னர் தலைகாட்டுவது எமது துறையில் தெரிந்த விடயமே. எமெற்றின் ஊசிமருந்து இதற்குப் பயன்படும் என்று கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் 1912இலேயே காட்டியிருந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின் நின்றுகொண்டு எவரையும் குறைகூற எமக்கு உரிமையில்லை. யங் சொன்னதும் ஓர் ஊகமே. ஆனாலும் நோயாளி எந்த ஊரிலிருந்து வந்தார், முன்பு எந்த நோய்கள் வந்தன, என்ன சாப்பிடுகிறார் என்று பொறுமையாகக் கேட்பது எத்தனை முக்கியம் என்பதை எமது இளம் வைத்தியர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தோட்டப்புறங்களிலிருந்து வைத்தியசாலைக்கு வரும் பெண்கள் பலர் கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார்கள். கேட்பது எமது கடமை.

ஜானகி அம்மாள்

1919 மார்ச்சில் பம்பாயில் வந்திறங்கினார். எஞ்சியிருந்தது ஓராண்டு. ஜானகி அவரருகிலிருந்து பணிவிடை செய்தார். மேல்காய்ச்சலும் நோவுமாகக் கிடந்தபோதும் சிலேட்டும் தாளும் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டிருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் முற்றிலும் புதிய ஒருவகைச் சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அப்போது ஜானகிக்கு 21. பிள்ளைகள் இல்லை. சில காலம் பம்பாயில் சகோதரரிடம் இருந்தார். பின் சென்னை திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, பல்கலைக்கழகம் கொடுத்த ஓய்வூதியத்திலும் தையல் வேலையில் கிடைத்த வருமானத்திலும் வாழ்ந்தார். 1950இல் தாயற்ற சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்துப் படிக்கவைத்து ஆளாக்கினார். கணவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் பல்கலைக்கழகத்தின் ஊடாக ஹார்டியிடம் சென்று, கைமாறிக் கைமாறி டிரினிட்டி நூலகத்தின் பெட்டியொன்றில் கிடந்தன. 1976இல் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். அறுநூறு அளவு சூத்திரங்கள் அவற்றில் இருந்தன. இறக்கும் தறுவாயில் எழுதிய அவை இன்றும் ஆராயப்படுகின்றன. கணவருக்கு ஒரு சிலைகூட இல்லையே என்ற ஜானகி அம்மாளின் ஆதங்கம் வெளியுலகுக்குத் தெரிந்தபோது, பல நாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து, சிற்பி போல் கிரான்லண்டைக் கொண்டு வெண்கல மார்பளவுச் சிலை செய்வித்து அவரிடம் சேர்த்தார்கள். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். 21 வயதில் தனித்து நின்ற பெண் 74 ஆண்டுகள் தன் கைத்தொழிலால் நிமிர்ந்து வாழ்ந்ததும் ஒரு வாழ்க்கை வரலாறுதான். கணித நூல்கள் அதற்கு இரண்டு பக்கத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை. பெண்கள் பாடசாலையின் மலராவது ஒதுக்க வேண்டும்.

எமது பிள்ளைகளுக்கு

இராமானுஜன் கணிதத்தில் மட்டும் சித்தியடைந்து மற்றவற்றில் தவறினார். எமது பிள்ளைகளில் பலருக்கு நிலைமை தலைகீழ். தமிழ், சமயம், வரலாறு, அழகியல் எல்லாவற்றிலும் நல்ல பெறுபேறு. கணிதத்தில் மட்டும் சித்தியில்லை. அந்த ஒரு கட்டம் காலியாயிருந்தால் சாதாரண தரச் சான்றிதழ் முழுவதும் பெறுமதி குறைந்து, பிள்ளை வீட்டோடு நின்றுவிடுகிறாள். அல்லது கொழும்புக்கு வேலைக்குப் போகிறாள். பசறை, லுணுகலை, மொனராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் இடம் காலியாகக் கிடப்பது புதிய செய்தியல்ல. ஆசிரியர் இல்லாத பாடத்தில் பிள்ளை தவறினால் அதைப் பிள்ளையின் குறையென்று எழுதிவைக்கிறோம்.

இந்த நூற்றாண்டில் எமது சங்கம் பாடசாலைக்கு எத்தனையோ நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. இனி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்கிறோம். கணிதம் ஒன்றில் மட்டும் தவறிய பிள்ளைகளுக்கு, அவர்கள் பாடசாலையை விட்டு விலகிய பின்னரும், சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பறை திறந்திருக்கட்டும். எம்மில் ஆசிரியைகள், பொறியியலாளர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், வைத்தியர்கள் இருக்கிறார்கள். முறை வைத்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்தாலே போதும். பெறுபேற்றுத் தாளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாமல், அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து, எந்த வரியில் கணக்கு நின்றுவிட்டது என்று பார்க்கத்தான் ஆள் தேவை. இராமசாமி ஐயரும் நாராயண ஐயரும் ஹார்டியும் செய்தது அதைத்தான். அவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் 6746328388800 என்ற எண் கும்பகோணத்துச் சிலேட்டொன்றில் அழிந்து போயிருக்கும்.

முதல் வகுப்புக்கு ஒரு கணக்கையும் தந்துவிடுகிறோம். 293318625600ஐ 23ஆல் பெருக்குக. விடை இந்த மலரிலேயே இருக்கிறது. பார்க்காமல் செய்ய வேண்டும்.

இன்னும் 20 ஆண்டுகளில் சங்கத்துக்கு 120 வயதாகும். 120 உயர் சேர்த்தி எண். அதற்கு 16 காரணிகள் உண்டு. 3 வரிசையாகவும் 8 வரிசையாகவும் நிறுத்தலாம். அன்றைக்கு எந்தப் பிள்ளையும் வரிசைக்கு வெளியே நிற்காதிருக்க இறையருள் கிட்டுவதாக. பாடசாலை அன்னை நீடூழி வாழ்க.